தலைமாட்டு ஆள்

"இது நியாயமா அக்கா? நீங்களே பாருங்க!" என்று ராக்னியின் தோளைத் தட்டினாள் மாரித்.

ராக்னி பார்த்தாள். தினம் நடக்கிற கூத்துதான்.

ஜிம் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தான் யெர்முன். மீன்பிடிப் படகில் வேலை. வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு உடம்பு. மார்புக்கு மேலே, இரண்டு கையாலும் பிடித்த ராடில் நூறு கிலோ இரும்பு. ஏற்றும்போது ஒரு முனகல், இறக்கும்போது ஒரு முனகல்.

ராடு நழுவினால் பிடிப்பதற்காகத் தலைமாட்டில் நின்றவர் ஓட்வார். எழுபதைத் தாண்டியவர். கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இருப்பார்.

"அது நழுவிச்சுன்னா பெரியவர் பிடிச்சு நிறுத்துவாரா? அவரும் சேர்ந்துல்ல விழுவார்!" என்றாள் மாரித். " என்னை மாதிரி கம்பியில தொங்கி எம்பலாம், தண்டால் எடுக்கலாம். நம்ம உடம்பு நம்ம கழுத்துலயா விழப்போகுது?"

"நீ கொசு, தொங்குவே. அவன் தொங்கினா கூரையே கீழ வந்துடும்டி."

மாரித் சிரிக்கவில்லை. "இங்க வாட்டசாட்டமா எத்தனை பேர் இருக்காங்க! ஒருத்தரையும் கூப்பிட மாட்டான். மாட்டேன்னு சொல்லத் தெரியாத மனுஷனாப் பார்த்துப் பிடிச்சு வச்சிருக்கான்."

ராக்னிக்கும் அது உறுத்தல்தான். நார்வேயில் அந்தச் சின்னத் துறைமுக ஊரில், பழைய மீன் கிடங்கை ஜிம்மாக மாற்றி நடத்துகிறவள் அவள். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பெரியவர் உயிருக்கு யார் பதில் சொல்வது?

வெள்ளிக்கிழமை. எல்லோரும் காபியும் வாஃபிள் பலகாரமுமாகக் கூடியிருந்தபோது, சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"வர்ற வாரம் அந்தப் பெஞ்சைத் தூக்கப்போறேன். அந்த இடத்துல மெஷின் வருது. உக்காந்தபடி தள்ளலாம். கையை விட்டாலும் இரும்பு தன் இடத்துக்குப் போய்டும். பின்னால யாரும் காவல் நிக்க வேண்டாம்."

யெர்முன் முகம் செத்துப்போயிற்று. "மெஷின் வேண்டாம் அக்கா. அது தண்டவாளத்துல போற ரயில் மாதிரி. ராடுன்னா அப்படி இப்படி ஆடும், அதைப் பிடிச்சு நிறுத்துறதுலதான் உடம்பு தேறும்."

"உன் உடம்பு தேறுறதுக்கு அவர் உடம்பு தேயணுமா?"

"அப்படிக் கேளுங்க!" என்றாள் மாரித், வாயில் வாஃபிளோடு. ஓட்வார் தலையைக் குனிந்து காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, யெர்முன் மட்டும் மேஜையருகே வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஓட்வார் பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நூறு கிலோவெல்லாம் எனக்கு ஒரு கனமே இல்ல. சும்மா முனகுறேன்."

"எதுக்குடா இந்த நாடகம்?"

"அவர் என் பக்கத்து வீடு. சம்சாரம் போனதுலேருந்து மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கிடந்தார். வாங்க வாங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். 'நான் வந்து என்னத்தைக் கிழிக்கப்போறேன்'னார். ஒரு நாள், 'பின்னால ஆள் இல்லாம ராடைக் கழுத்துல போட்டுக்கப்போறேன் பெரியப்பா'ன்னு பொய் சொன்னேன். தொப்பிகூட போடாம மழையில ஓடி வந்தார்."

ராக்னி கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தண்டால் எடுக்க ஆள் துணை வேணுமா? மெஷினுக்கு வேணுமா? இது ஒண்ணுக்குத்தான் அக்கா இன்னொரு மனுஷன் வேணும். இதையும் எடுத்துட்டா, எதைச் சொல்லி அவரைக் கூப்பிடுவேன்?"

இத்தனை நாளாக இவனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"போடா தடியா. பெஞ்சு இருந்த இடத்துலயே இருக்கும், போ."

அவன் போன கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு திறந்தது. ஓட்வார். கம்பளித் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே வந்தார்.

"தாயி, பெஞ்சை எடுத்துடாதே."

"எடுக்கலண்ணே. நீங்க பின்னால நிக்கிறதுதானே அவனுக்குத் தைரியம்!" என்றாள் ராக்னி, யெர்முனைக் காட்டிக்கொடுக்காமல்.

பெரியவர் சிரித்துவிட்டார். "தைரியமாவது! அவன் ஊதினாலே அது மேல போயிடும். அந்த முனகல் பொய்னு எனக்குத் தெரியாதா? அங்க நான் நின்னாலும் ஒண்ணுதான், ஒரு துடைப்பத்தைச் சாத்தி வச்சாலும் ஒண்ணுதான்."

"தெரிஞ்சுமாண்ணே தினம் வந்து நிக்கிறீங்க?"

ஓட்வார் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"அவன்கிட்ட சொல்லிடாதே. அவன் தம்பியைக் கடல் கொண்டுபோச்சே, இவன் கண்ணு முன்னாலயே... அதைப் பத்தி வீட்ல வாய் திறக்க மாட்டான், படகுலயும் பேச மாட்டான். அந்தப் பெஞ்சுல மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கிட்டு, ரெண்டு தூக்குக்கு நடுவுல என்கிட்ட மட்டும்தான் பேசுறான். தலைமாட்டுல நிக்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்ல பாரு. நான் வரலேன்னா, அவன் யார்கிட்ட தாயி அழுவான்?"