மூன்று வினாடி

சுவர்க் கடிகாரத்தின் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. நேரம் பிசகினால் பரண்தான் என்று கடிகாரத்துக்குத் தெரியும். முன்பு அங்கே மாட்டியிருந்த கடிகாரம் அப்படித்தான் போயிற்று. பல்லியும் கண்டிப்பானது. உண்மையைக் கேட்டால் மட்டுமே சத்தம் கொடுக்கும்.

இரண்டும் பதினோரு வாரமாக ஒரு விண்வெளித் தொடரைப் பார்த்து வந்தன.

"அந்த இயந்திர மனிதன் ஒரு தடவைகூட அழவில்லை. இரும்புக்கு ஏதடா மனசு?" என்றது கடிகாரம்.

"அழுதால்தானா அண்ணே?" என்றது பல்லி.

அன்று இயந்திர மனிதன், தான் வளர்த்த சிறுமியைப் பூமிக்குப் போகும் கப்பலில் ஏற்றினான். கதவை மூடும் பொத்தானில் விரலை வைத்தவன், மூன்று வினாடி அழுத்தாமல் நின்றான்.

தொடர் முடிந்து ஏழு மணிச் செய்தி தொடங்கியது.

"நம்ம கடிகாரம் மூணு செகண்டு பின்னாடி இருக்கே," என்று வீட்டுக்காரர் அதைக் கழற்ற நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அதெல்லாம் சரியாத்தான் ஓடுது," என்றாள் மனைவி.

"ச்ச், ச்ச்" என்றது பல்லி.

"பாருங்க, பல்லியே சொல்லிடுச்சு."

அவர் நாற்காலியைத் திரும்ப நகர்த்தினார்.

"எனக்காகப் பொய்க்குச் சத்தம் கொடுத்துவிட்டாயே," என்றது கடிகாரம், மெதுவாக.

"மூன்று வினாடிதானே அண்ணே. நானும் அப்போது மூச்சு விடவில்லை."