நடத்தாத பாடம்

"பாரம்பரியப் பொருள் இருக்கிறது கலத்தின்ட கருவில. எழுதிட்டீங்களா? சரி, அடுத்த பக்கத்த விடுங்க."

மங்கையற்கரசி டீச்சர் புத்தகத்தை மூடினார். செங்கலடி டியூட்டரியில் உயர்தர உயிரியல் வகுப்பு முணுமுணுத்தது. நாட்டில் சண்டை ஓய்ந்து ஒரு மாதம். பரீட்சைக்கு இன்னும் ஏழே கிழமை.

"டீச்சர், இழைமணியிலயும், அதான் மைற்றோகொண்ட்ரியாவிலயும், டி.என்.ஏ. இருக்குத்தானே? தாயிட்ட இருந்து மட்டும் வாறது?" என்றாள் சர்மிலா.

"அதை வீட்டில படியுங்க."

சர்மிலாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. போன வருடம் அவளுடைய அக்கா படித்தபோது, இதே டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, "உன்ட குடி என்ன?" என்று கேட்டாராம். குடி என்னும் குலம் தாய்வழியில் வருவதுபோலத்தான் இழைமணியின் டி.என்.ஏ.யும் என்றாராம். மட்டக்களப்புப் பிள்ளைக்கு அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்! இந்த வருடம் மட்டும் என்ன சோம்பல்?

சோம்பல் இல்லை. முந்தின நாள், அதே வகுப்பில் படிக்கும் வதனியின் அம்மாவான ஞானமணி, டீச்சரைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தார்.

"டீச்சர், குடி கேக்கிற பாடத்த மட்டும் விட்டுருங்க. வதனி நான் பெத்த புள்ள இல்ல. அகதி முகாமில, தாய் செத்துக் கிடக்கக்குள்ள தூக்கின கைக்குழந்தை. பெத்தவள் எந்தக் குடியோ, எனக்கே தெரியா. இவள் எழும்பி என்ட குடியைச் சொல்லக்குள்ள, விசயம் தெரிஞ்ச ஆராவது சிரிச்சா? என்ட புள்ள உடைஞ்சிருவாள்."

காலில் விழாத குறை. டீச்சரால் மறுக்க முடியவில்லை.

வகுப்பு கலைந்ததும் வதனி மட்டும் நின்றாள்.

"டீச்சர், அம்மா உங்களிட்ட வந்தாவா?"

டீச்சர் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்தார்.

"சுனாமி வந்த அண்டு நாங்க நாவலடியில இருந்தம். அம்மா என்ட கையை விடாம இழுத்துக்கிட்டு ஓடக்குள்ள, 'பெறாத புள்ளைக்காக நீயும் சாகாத கா' எண்டு மாமி கத்தினா. எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்."

டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அப்ப... நாளைக்கு நடத்தட்டா மகள்?"

"நடத்துங்க டீச்சர், எல்லாரும் படிக்கணும். நான் எழும்பி அம்மாட குடியைத்தான் சொல்லுவன். ஆனா அம்மா கேட்டா மட்டும், அந்தப் பாடத்த நடத்தல்ல எண்டு சொல்லிடுங்க. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."