பத்துத் திருப்பத்தில் நாலு

“போட்டேங்க! என் கையாலதான் போட்டேன். அது எரியலன்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

நர்ஸுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல், ஒர்க்‌ஷாப் வாசலில் காரை ஒட்டி நின்றிருந்தாள்.

“போட்டாத்தானே எரியும்?” என்றார் அவளுடைய கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை உருவி மெக்கானிக்கிடம் நீட்டினார். “ஒரு வாரமா இவ பக்கத்துல உக்காந்து குறிச்சு வெச்சிருக்கேன், பாருங்க. பத்துத் திருப்பத்துல சராசரியா நாலு தடவை இண்டிகேட்டர் எரியல. முந்தாநாள் ஒரு பஸ் டிரைவர் தலையை வெளிய நீட்டி எங்க குடும்பத்தையே திட்டிட்டுப் போறான்.”

கார் ஆறு மாதமாக நர்ஸின் கையில் இருக்கிறது. இரண்டு பஸ் மாறி, கால் கடுக்க நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவளுக்கு அது பெரிய விடுதலை. கோளாறு வண்டியிலா, அவளிடமா என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். அவளிடம்தான் என்றால் சாவி வாத்தியாரிடம் போய்விடும், அவள் பழையபடி பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான். இது வாத்தியார் போட்ட கண்டிஷன்.

மெக்கானிக் அவசரப்படவில்லை. பல்பு, ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சமர்த்தாக இருந்தன. அவர் தலையை எங்கே நுழைத்தாலும் வாத்தியாரின் தலையும் கூடவே நுழைந்தது.

“அந்த வயரை ஏன் இழுக்கறீங்க? மொதல்ல இதைத்தானே பாக்கணும்?”

“சார் வண்டி வேலையும் படிச்சிருக்கீங்களோ?”

“இதுக்கெல்லாம் படிக்கணுமா என்ன?”

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டார். “ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். சார், நீங்க இங்கயே இருங்க. சிஸ்டர், வண்டியை எடுங்க.”

அவர் பின்சீட்டில் உட்கார, நர்ஸ் அக்கம்பக்கத்துத் தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மொத்தம் பத்துத் திருப்பம். பத்திலும் இண்டிகேட்டர் பிசகாமல் டிக் டிக்கென்று அடித்தது.

வாத்தியார் ஒத்துக்கொள்வாரா? “நானும் வர்றேன்” என்று முன்சீட்டில் ஏறினார். பெல்ட்டைப் போட்டார், காலை ஆட்ட ஆரம்பித்தார். வண்டி நகர்ந்ததும் வாயும் ஓட ஆரம்பித்தது.

“கியரை மாத்து. இவ்ளோ வேகம் எதுக்கு? நாய் வருது பாரு, ஹாரன் அடி. இப்ப ஏன் அடிக்கறே? அதான் போயிடுச்சே!”

மூன்றாவது திருப்பத்தில், “சைக்கிள்! சைக்கிள்!” என்று அவர் போட்ட கூச்சலில் நர்ஸ் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே வண்டியைத் திருப்பினாள். டேஷ்போர்டில் அம்புக்குறி மின்னவில்லை. “பாத்தீங்களா!” என்று வாத்தியார் நோட்டில் ஒரு கோடு போட்டார்.

“சத்தியமா போட்டேங்க!”

“சிஸ்டர் கையை நீங்க கவனிச்சீங்களா சார்?” என்று பின்னாலிருந்து கேட்டார் மெக்கானிக்.

“நான் ரோட்டைப் பாப்பேனா, இவ கையைப் பாப்பேனா?”

பத்துத் திருப்பம் முடிந்தபோது நோட்டில் நாலு கோடு. நர்ஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். சாவியை உருவ வாத்தியாரின் கை நீண்டேவிட்டது.

“கோளாறு கிடைச்சிடுச்சு” என்றார் மெக்கானிக். “சார், அந்தக் காலைக் கொஞ்சம் நிறுத்துங்க.”

வாத்தியார் குனிந்து பார்த்தார். கால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“உங்க முழங்காலுக்கு நேர் மேலதான் ஃபியூஸ் பாக்ஸ் இருக்கு. நீங்க ஆட்டற ஆட்டத்துல உள்ள வயர் விட்டு விட்டுப் பிடிக்குது. நீங்க இல்லாம பத்துக்குப் பத்து. நீங்க ஏறினா பத்துக்கு ஆறு. கணக்கு வாத்தியார் நீங்களே சொல்லுங்க, இந்த நாலு யாரால?”

வாத்தியாரால் அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. “சரி, இனிமே ஆட்டல” என்றார்.

“அது உங்களால ஆகாது சார். நானும் பின்னாலேருந்து பாத்துட்டுத்தானே வர்றேன். வாயைத் திறந்தா உங்களுக்குக் கால் தானா ஆடுது.”

திரும்பி வரும்போது வாத்தியார் இரண்டு கையாலும் முழங்கால்களை அழுத்திக்கொண்டு, உதட்டையும் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாய் குறுக்கே ஓடியது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். ஒரு லாரி உரசுவது போல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு திருப்பம் விடாமல் இண்டிகேட்டர் அடித்தது.

ஒர்க்‌ஷாப்பில் இறங்கியதும் அவருக்கு மனைவியின் முகத்தை நேரே பார்க்கக் கூச்சமாக இருந்தது. “சாவி உன்கிட்டயே இருக்கட்டும். தப்பு என் மேலதான்” என்று முணுமுணுத்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

நர்ஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு வாரமாக வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பறந்துபோனது.

“ரொம்ப நன்றிண்ணே. அந்த ஃபியூஸ் பாக்ஸை எப்ப மாத்திக் குடுப்பீங்க?”

மெக்கானிக் குழாயடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பாக்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல சிஸ்டர், இனிமேலாவது மறக்காம சிக்னல் போடுங்க.”