வெர்னனின் சந்தேகம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒரு சின்னக் கிறிஸ்தவ சபையில் மதிய விருந்து முடிந்திருந்தது. சமையலறையில் வெர்னன் தட்டுகளைக் கழுவ, ராண்டா துடைத்து அடுக்கினாள்.

"நாளைக்கு எனக்குப் பெரிய ஆபரேஷன். பயமா இருக்கும்மா," என்றார் வெர்னன். "செத்துப்போனா ஆண்டவர் என்னைச் சேர்த்துக்குவாரா?"

"உங்களையா? ஊருக்கே ஓடி ஓடி உதவி செய்றீங்களே!"

"அதெல்லாம் போதுமான்னுதான் சந்தேகம்."

ராண்டா சிரித்துவிட்டாள். "போதாது! இன்னும் நூறு வருஷம் தட்டு கழுவினாலும் போதாது. அதுக்குத்தானே இயேசு சிலுவையில செத்தாரு? அவர் செஞ்சதே போதும்னு நம்புங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவு உறுதியா பேசறியே, யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! நான் ஜெயில்ல இருந்தப்ப நீங்கதானே வந்து சொன்னீங்க, பாஸ்டர்? அன்னிக்கே நம்பிட்டேன்."

வெர்னன் கையிலிருந்த தட்டு தண்ணீருக்குள் நழுவியது.

"அது உனக்காகச் சொன்னதும்மா. முப்பது வருஷமா பிரசங்கம் பண்றேன், எனக்கும் அதேதான்னு தோணவே இல்லையே!"

சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி ராண்டாவிடம் நீட்டினார்.

"மிச்சத்தை நீ கழுவு. நான் போய் உட்கார்ந்து ஒரு துண்டு ஆப்பிள் பை சாப்பிடறேன்."