பஸ்காரர் வண்டியில் எல் போர்டு

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கினதில்லைன்னு பீத்திக்கிட்டாரே மனுஷன்! இப்ப அவர் கார் பின்னாடி போய்ப் பாருங்க. எல் போர்டு!"

செகரட்டரி சொல்லி முடிப்பதற்குள் குடியிருப்புச் சங்கக் கூட்டமே குலுங்கிச் சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மூன்றாம் மாடிக்காரர் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆசை ஆசையாய் ஒரு பழைய கார் வாங்கினார். அடுத்த நாளே பின் கண்ணாடியில் சிவப்பாய் ஒரு 'எல்'. ஒரு மாதம் ஆகவில்லை, இடது கதவில் நீளமாய் ஒரு கோடு. எங்கேயோ ஒரு தூணை நலம் விசாரித்திருக்கிறார்.

"என்னண்ணே, கை நடுங்குதா?" என்று கேட்டால் ரோஷமாவது வர வேண்டாமா? அதுவும் இல்லை.

"பழக்கம் விட்டுப்போச்சு தம்பி" என்பார். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில், வண்டியைப் பத்திரமாக, சிக்கனமாக ஓட்டுவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசச் சொல்லி அவரைத்தான் கேட்டிருந்தார்கள். அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார் பாவம்.

"இவர் பேசினா ஊரே சிரிக்கும். வேண்டாம்னு நானே சொல்லிடுறேன்" என்றார் செகரட்டரி. அவருக்குச் சொந்தக் கவலையும் உண்டு. அவருடைய புது கார் நிற்பது பஸ்காரர் காருக்குப் பக்கத்தில். தினமும் இறங்கிப் போய்த் தன் கார் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அவராவது ஓட்டிப் பார்க்கிறார். நான் கார் கத்துக்கட்டுமான்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்?"

"நீ ஓட்டினா ரோட்டுல போறவங்கல்லாம் எங்கே போவாங்க?"

பழைய ஜோக். அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு. அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை நடக்கப் போன செகரட்டரி, மைதானத்துக்குப் பின்னால் அந்தக் காரைப் பார்த்தார். தவளை மாதிரி ரெண்டு தாவு தாவியது, விக்கியது, நின்றது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி தாவல்.

அடேங்கப்பா, முப்பது வருஷ சர்வீஸ்! கையும் களவுமாகப் பிடித்து, நாளைக்கு வர வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடலாம் என்று வேகமாய் நடந்தார்.

கிட்டே போகப் போக பஸ்காரரின் குரல் கேட்டது.

"கிளட்ச் மேலயே காலை வெச்சுக்காதே, தேஞ்சிடும். தூரத்துல சிகப்பு விளக்கு தெரிஞ்சா அப்பவே ஆக்சிலேட்டரை விட்டுடு. வண்டி தானா அடங்கும். பிரேக்கும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம்."

யாரிடம் பேசுகிறார் இந்த மனுஷன்? செகரட்டரி குனிந்து பார்த்தார்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்காரரின் மனைவி. மூக்கு நுனியில் கண்ணாடி, நெற்றியெல்லாம் வியர்வை. பஸ்காரர் பக்கத்து சீட்டில்.

"ஐயோ தம்பி! யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த வயசுல இது தேவையான்னு சிரிப்பாங்க" என்று பதறினாள் அந்த அம்மாள்.

"அப்ப... அந்த எல் போர்டு?"

"இவளுக்குத்தான்" என்றார் பஸ்காரர். "இவ ஓட்டுறப்ப மட்டும் ஒட்டினா யாருக்குன்னு தெரிஞ்சிடுமே! அதான் நான் ஓட்டும்போதும் எடுக்கிறதில்லை."

"கதவுல கோடு?"

"அது நான்தான் தம்பி."

"பொய்! நான்தான் இடிச்சேன்" என்றாள் மனைவி.

"சரி, சும்மா இரு. சிரிக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போகட்டும் தம்பி. எனக்கென்ன குறைஞ்சிடப் போகுது? இவளைப் பார்த்துச் சிரிச்சா அன்னிக்கே சாவியைத் தூக்கிப் போட்டுடுவா."

"உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே அண்ணே! அக்காவுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?"

பஸ்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "முப்பது வருஷமா ஊரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனேன். ரோட்டைத் தவிர வேற எதையும் பார்த்ததில்லை. இனிமேலாவது இந்த சீட்டுல உட்கார்ந்து நிம்மதியா வேடிக்கை பார்த்துக்கிட்டுப் போகணும் தம்பி."

"நான் ஓட்டுற அழகுக்கு நிம்மதி வேறயா!" என்றாள் அந்த அம்மாள். மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள்.

"அது சரி, இவ்வளவு வேகமா வந்தீங்களே, நாளைக்குக் கூட்டத்தைப் பத்தி ஏதாவது சொல்லவா?" என்று கேட்டார் பஸ்காரர்.

செகரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமாண்ணே. வெள்ளைச் சட்டை தைச்சு வந்தாச்சான்னு கேட்கத்தான் வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்காரர் பிரமாதமாகப் பேசினார். டயரில் காற்றுப் பார்ப்பதைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று எல்லோரையும் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

செகரட்டரியின் புது காரில், பின் கண்ணாடியில், பளிச்சென்று ஒரு சிவப்பு 'எல்'.

"என்ன சார், உங்களுக்கும் பழக்கம் விட்டுப்போச்சா?" என்று யாரோ குரல் கொடுக்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஆமாப்பா" என்று செகரட்டரியும் சேர்ந்து சிரித்தார்.

கூட்டத்தின் கடைசியில், கைக்குள் கார் சாவியை மறைத்துக்கொண்டு, அவர் மனைவி தரையைப் பார்த்துச் சிரித்தாள்.