தினமும் கேட்கிறவள்

ஒஸ்லோவில் மகன் வீட்டுச் சமையலறைச் சுவர்த்திரையிலிருந்து தமிழ்நாட்டு ஓய்வூதியத் துறையின் கணினிப் பெண்குரல் தினமும் காலையில் பேசும். அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற சுரேந்தர் உயிரோடிருப்பது அதற்குத் தெரிந்தால்தான் பென்ஷன் வரும். அதற்கென்றே அவர் தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்.

“நல்லாத் தூங்குனீங்களா சார்? சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. காபியில போட்டுக்காதீங்க, எனக்காக.”

மனைவி மஞ்சுளா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

“நானுந்தான் உயிரோட இருக்கேன். ஒரு நாளாவது என்னைக் கேட்டாளா அவ?”

“நீ எங்க வேலைக்குப் போன மஞ்சு? எனக்கப்புறம் பென்ஷன் உனக்குத்தானே? அப்ப தினமும் உன்னைத்தான் கேப்பா.”

மஞ்சுளா அவர் காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, நன்றாகக் கலக்கிக் கொடுத்தாள்.