பூட்டுத் திரையில் ஒரு படம்

“சிரிக்கிற படமா இருக்கணும். பார்த்ததும் அவளுக்கு வயிறு எரியணும்” என்றாள் இவள், கணவனின் மடிக்கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் மேல்வீட்டுத் தோழி உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே அந்த ஒல்லி உடம்புக்கு இவள் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி.

“எவளுக்கு? அவர் ஆபீஸ் ரிசப்ஷன்காரிக்கா?”

“வேற எவளுக்கு? அவளா இருக்கும்னு முதல்ல மோப்பம் பிடிச்சதே நீதானே.”

“ஏதோ மனசுல பட்டதைச் சொன்னேன்டி. அதையே பிடிச்சுக்காதே.”

பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? கணவர் ஞாயிற்றுக்கிழமையும் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். ஃபோனைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார். ‘யாரது?’ என்று கேட்டால், ‘உனக்குப் பைத்தியம்’ என்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டே, கரையில் நின்று கப்பல் போவதைப் பார்க்கிறவள் மாதிரி ஆகிவிட்டாள்.

இப்போது அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். ஏதோ பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருந்ததால், வழக்கத்துக்கு மாறாக மடிக்கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, “மூடிடாதே, ஒண்ணையும் தொடாதே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தொடுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. உள்ளே நுழையுமுன் வரும் அந்தப் பூட்டுத் திரையில் இதுவரை யாருமற்ற ஓர் ஏரி இருந்தது. கம்ப்யூட்டரோடு வந்த ஏரி. அந்த இடத்தில் தன் முகத்தை வைத்துவிட்டால், அலுவலகத்தில் அவர் அதைத் திறக்கும்போதெல்லாம் இவளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அவர் மேசையில் சாய்ந்து நின்று பேசுகிறவளும் பார்ப்பாள்.

“வாசல்ல பேர்ப்பலகை மாட்டற மாதிரிடி. இந்த வீட்டுக்கு ஆள் இருக்குன்னு தெரியட்டும்.”

“எதுக்கு வம்பு? அவருக்குக் கோபம் வரும். விட்டுடேன்.”

“என் வாழ்க்கையையே விட்டுடணுமா? நீ எனக்குத் தோழியா, அவருக்கா?”

ஒட்டடைக்குச்சி தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

இவள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கல்யாணப் படத்தில் அவர் தூங்கி வழிந்தார். மைத்துனி வீட்டு விசேஷத்தில் எடுத்ததில் முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. போன விடுமுறையில் மூன்று பேருமாகப் போன படகுப் பயணம். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றில் தலை கலைந்து, கண்ணெல்லாம் சிரிப்பாக, நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்படிச் சிரித்த படம் வேறொன்று இல்லை.

“நீ எடுத்ததுதான்டி இது. நான் எடுத்தா மட்டும் மனுஷன் பல்லுவலிக்காரன் மாதிரி நிக்கறார். உனக்கு நல்ல கைராசி. வந்து பாரேன்.”

“நான் எடுத்த படம்தானே, எனக்குத் தெரியாதா? திரையப் பார்த்தாலே தலைவலிக்குது எனக்கு.”

இவளே செட்டிங்ஸில் துழாவி, பூட்டுத் திரை என்று போட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். ஏரி போய், படகு வந்தது. எப்படித் தெரிகிறது என்று பார்க்க, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திப் பூட்டினாள்.

படம் திரை முழுக்க விரிந்தது. அவர் பளிச்சென்று தெரிந்தார். ஆனால் திரையின் பெரிய வெள்ளைக் கடிகாரம் சரியாக இவள் முகத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மணிக்கும் நிமிஷத்துக்கும் நடுவிலிருந்த இரண்டு புள்ளிகள் மூக்கின் மேல் மூக்குத்தி போலக் குத்தி நின்றன.

“அய்யய்யோ! திரும்ப உள்ளே போய்ப் படத்தை நகர்த்தணும்டி.”

“போ.”

“எப்படிப் போறது? பாஸ்வேர்ட் தெரியாதே. இது முகத்தைப் பார்த்துத் திறக்கிற ஜாதி. மேல இருக்கிற காமிராவுக்கு ஒருதடவை முகத்தைக் காட்டிப் பதிஞ்சு வச்சாத்தான் உள்ளே விடும்.”

இருந்தாலும் ஒரு நப்பாசை. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு திரையை நேராகப் பார்த்தாள். காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு கண்ணைச் சிமிட்டியது. ‘முகம் அடையாளம் தெரியவில்லை’ என்று எழுத்து வந்தது.

“பார்த்தியா? அவர் வாங்கின சாமான், அவரை மாதிரியே இருக்கு.” சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. “அவர் வந்து இந்தக் கோலத்தைத்தான் பார்க்கப்போறார். அந்த ரிசப்ஷன்காரி பார்த்துச் சிரிக்கட்டும். கட்டின பொண்டாட்டிக்கு மூஞ்சியே இல்லைன்னு.”

“அழாதேடி. சரி பண்ணிக்கலாம்.”

“என்னத்தைச் சரி பண்றது? நீயே பாரு, எப்படி இருக்கேன்னு!”

சட்டென்று மடிக்கணினியை எதிர்ப்பக்கம் திருப்பினாள். ஒட்டடைக்குச்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். அதற்குள் அந்தச் சின்ன விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது.

டிங் என்று ஒரு சத்தம். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து இவள் எட்டிப் பார்த்தாள். பூட்டு திறந்து, படகும் கடிகாரமும் போய்விட்டன. பாதி இறங்கிய ஃபைல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

இவள் திரையிலிருந்து தோழியின் முகத்துக்குப் பார்வையைத் திருப்பினாள்.

“உன்னை எப்படிடி இதுக்குத் தெரியும்?”